ஏழரை மைலை ஆறு வாரம் அளந்தவர்



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஆம்பூருக்குக் காரில் போனேன். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் பணம் கழிந்த சத்தம் போனில் கேட்டது. கொஞ்ச தூரம் போனதும், சாலையோரம் மஞ்சள் தலை போட்ட கல்லைப் பார்த்துவிட்டு அவள் ஒரு கேள்வி கேட்டாள். கல்லில் இருப்பது கிலோமீட்டர் கணக்கு. பிறகு ஏன் தாத்தா அதை மைல்கல் என்கிறீர்கள் என்று.

நியாயமான கேள்வி. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாம் மெட்ரிக் அளவுக்கு மாறினோம். கற்களில் எண்கள் மாறின, பெயர் மட்டும் மாறவில்லை. அவளுக்கு அவ்வளவுதான் சொன்னேன். அன்று இரவு எனக்கு வேறொரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. கல்லில் எழுதியிருக்கும் எண்ணை நாம் நம்பிவிடுகிறோம். அதை யார் அளந்தார்கள்? அளந்தது சரிதான் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது?

தோல் தொழிற்சாலையின் அலுவலகத்தில் முப்பது ஆண்டு கணக்கு பார்த்தவன் நான். முடித்த தோலைச் சதுர அடிக் கணக்கில்தான் விற்பார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். மழைநாளில் ஈரக்காற்றில் கிடந்த தோல் கொஞ்சம் விரியும், காய்ந்தால் சுருங்கும். இங்கே அளந்த சதுர அடியும் வாங்குபவர் அங்கே அளக்கும் சதுர அடியும் ஒத்துப்போகாமல் எத்தனையோ கடிதப் போக்குவரத்தைப் பார்த்திருக்கிறேன். அதனால்தானோ என்னவோ, அளப்பதையே வாழ்க்கையாகக் கொண்ட ஒரு மனிதரின் கதை எனக்குப் பிடித்துப்போனது. அவர் பெயர் வில்லியம் லாம்ப்டன். நம் வேலூர், ஆம்பூர் வழியாகப் போனவர். இந்த இதழில் அவரைப் பற்றி உங்களுக்குச் சொல்கிறேன். கடைசியில் நம் கேட் ஓரத்தில் கிடக்கும் கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

கட்டணச் சாலையின் பக்கத்தில் பிறந்த பையன்

லாம்ப்டன் இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில், நார்தலர்டன் என்ற சிற்றூருக்கு அருகில், எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனிலிருந்து வடக்கே போகும் பெரிய சாலை அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் பெரிய சாலைகள் பெரும்பாலும் கட்டணச் சாலைகள். அங்கங்கே தடுப்புக் கம்பு போட்டிருப்பார்கள். குதிரைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தால் கம்பு திறக்கும். அந்தக் காசை வைத்துத்தான் சாலையைச் செப்பனிட வேண்டும். 1760களின் பிற்பகுதியில் அத்தகைய சாலைகளில் மைல்கல் நடுவதைச் சட்டமே கட்டாயமாக்கியது. காசு வாங்குகிறாய் அல்லவா, எவ்வளவு தூரம் என்பதையாவது சொல் என்பதுதான் அதன் நியாயம். பள்ளிகொண்டாவில் நாம் பார்ப்பதும் அந்த ஏற்பாட்டின் இன்றைய உருவம்தான்.

பையனுக்குக் கணக்கு நன்றாக வந்தது. படைக்குப் போனான். அமெரிக்க விடுதலைப் போரில் ஆங்கிலேயர் பக்கம் நின்று, 1781இல் யார்க்டவுனில் பிடிபட்டவர்களில் அவரும் ஒருவர். விடுதலையான பிறகு கனடாவில் நிலம் அளக்கும் வேலை, படைவீடுகளை மேற்பார்க்கும் வேலை என்று பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. சூரிய கிரகணத்தைச் சரியான தடுப்பு இல்லாமல் பார்த்ததில் ஒரு கண்ணின் பார்வையும் பாதிக்கப்பட்டது. பதவி உயர்வு இல்லை, பேர் இல்லை. கையில் புத்தகங்கள் மட்டும் இருந்தன. பூமியின் வடிவம் என்ன, அதை எப்படி அளப்பது என்று ஐரோப்பாவில் வெளிவந்த நூல்களை எல்லாம் தனியாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்.

நாற்பது வயது தாண்டிய பிறகுதான் அவர் இந்தியாவுக்கு வந்தார். அவருடைய 33ஆம் காலாட்படைக்குத் தலைவர் ஆர்தர் வெல்லெஸ்லி. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற அதே வெல்லிங்டன் பிரபுதான்.

வேலூரில் திரண்ட படை

1799 தொடக்கத்தில், திப்பு சுல்தான் மீது போர் தொடுக்க ஜெனரல் ஹாரிஸ் தலைமையில் கம்பெனிப் படை நம் வேலூரில்தான் திரண்டது. பிப்ரவரி 11ஆம் தேதி அங்கிருந்து கிளம்பியது. பாலாற்றை ஒட்டி, ஆம்பூர் வழியாக, ராயக்கோட்டைப் பக்கம் ஏறி மைசூர் எல்லைக்குள் போனது. ஹைதராபாத் நிஜாமின் படையும் இந்தப் பகுதியில் வந்து சேர்ந்துகொண்டது. சுமை இழுக்க மட்டும் லட்சம் மாடுகள் என்கிறார்கள். இன்று நாம் ஒன்றரை மணி நேரத்தில் தாண்டிவிடும் தூரத்துக்கு அந்தக் கூட்டம் நாள்கணக்கில் நகர்ந்தது. அந்தப் புழுதியில் ஒருவராக லாம்ப்டனும் போனார். ஜெனரல் பெயர்ட் என்பவரிடம் அவர் உதவி அதிகாரி.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே ஒரு நாள் இரவு, பெயர்ட் தன் படையுடன் ஒரு தோப்பைச் சோதித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். லாம்ப்டன் அண்ணாந்து நட்சத்திரங்களைப் பார்த்தார். நாம் நம் முகாமுக்குப் போகவில்லை, வடக்கே திப்புவின் படை இருக்கும் பக்கம் போகிறோம் என்றார். ஜெனரல் நம்பவில்லை. நட்சத்திரம் பார்த்துச் சொல்ல ஜோசியமா என்கிற தொனிதான். பிறகு திசைகாட்டியை எடுத்துப் பார்த்தபோது லாம்ப்டன் சொன்னதே சரி. படை திரும்பியது, தப்பியது.

மே 4ஆம் தேதி கோட்டை விழுந்தது. திப்பு வீழ்ந்தார். அவருடைய பிள்ளைகளையும் குடும்பத்தையும் கம்பெனி நம் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்து வைத்தது. ஒரு பெரும் நிலப்பரப்பு கம்பெனியின் பிடிக்குள் வந்தது. அதற்குச் சரியான வரைபடம் இல்லை.

பல்லக்குத் தூக்கிக்கு வழி தெரியும்

அதற்கு முன் தூரத்தை அளந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய சக்கரத்தைக் கைப்பிடியால் பிடித்துச் சாலையில் உருட்டிக்கொண்டே போவார்கள். சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதைப் பொறி எண்ணும். சாலையின் நீளம் அதில் கிடைத்துவிடும். மைல்கல் நட அது போதும். வரைபடம் வரையப் போதாது. சாலை வளைகிறது, ஏரியைச் சுற்றுகிறது, கணவாயில் ஏறி இறங்குகிறது. சக்கரம் சொல்லும் தூரம் வேறு, பறவை பறக்கும் தூரம் வேறு. பத்து மைலில் தெரியாத பிழை முன்னூறு மைலில் பூதமாகிவிடும்.

லாம்ப்டன் வேறு வழி சொன்னார். அதைப் புரிந்துகொள்ள நம் மொட்டை மாடியே போதும். இரண்டு பிளாக்குகளின் மாடிகளுக்கு இடையே உள்ள தூரத்தை மட்டும் நாடாவால் துல்லியமாக அளந்துகொள்ளுங்கள். ஒரு மாடியில் நின்று எதிரே தெரியும் மலை உச்சி எந்தக் கோணத்தில் தெரிகிறது என்று குறியுங்கள். மறு மாடியிலிருந்தும் அப்படியே. ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் முக்கோணத்தின் மீதிப் பக்கங்களைக் கணக்கிலேயே கண்டுபிடித்துவிடலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளையைக் கேளுங்கள், சொல்லும். மலைக்குப் போகாமலே மலையின் தூரம் கைக்கு வந்துவிடும். அந்தப் பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் இன்னொன்று. இப்படியே கோரமண்டல் கரையிலிருந்து மலபார்க் கரை வரை போய்விடலாம் என்பது அவர் யோசனை.

1799இன் இறுதியில் திட்டத்தை எழுதிக் கொடுத்தார். வெல்லெஸ்லி ஆதரித்தார். 1800இல் சென்னை கவர்னர் கிளைவ் ஒப்புதல் கொடுத்தார். இவர் ஆற்காட்டு முற்றுகைக் கிளைவின் மகன். ஆனால் செலவுக் கணக்குப் பார்த்த ஒருவர் கிண்டலே செய்தார். ஸ்ரீரங்கப்பட்டணம் போக விரும்புகிறவர் பல்லக்குத் தூக்கிகளின் தலைவனிடம் சொன்னால் போதும், லாம்ப்டனின் வரைபடம் இல்லாமலே அவன் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவான் என்பது அவர் வாதம்.

சிரிக்காதீர்கள், அதில் உண்மை உண்டு. வழி தெரிந்தவர்கள் இங்கே எப்போதும் இருந்தார்கள். பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில் அதியமான் பெருவழி என்ற சாலையின் தூரக் கற்கள் கிடைத்திருக்கின்றன. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. நாவற்தாவளம் என்ற ஊருக்கு இத்தனை காதம் என்று அவற்றில் வெட்டியிருக்கிறது. ஒரு கல்லில் 29 காதம். அதோடு எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகப் பெரிய குழி இரண்டும் சிறிய குழி ஒன்பதும் குடைந்திருக்கிறார்கள். பெரியது பத்து, சிறியது ஒன்று. இருட்டில் வரும் வண்டிக்காரர் கூட விரலால் தடவித் தூரத்தை எண்ணிக்கொள்ளலாம். கம்பெனி வருவதற்கு ஐந்நூறு ஆண்டுக்கு முன்பே நம் பக்கத்தில் சாலைக்குக் கணக்கு இருந்தது. லாம்ப்டன் கொண்டுவந்தது வழியை அல்ல, பிழையைக் கண்டுபிடிக்கும் முறையை.

நானூறு முறை வைத்த சங்கிலி

முதலில் அளக்க வேண்டிய அந்த ஒரே பக்கத்துக்கு அடிக்கோடு என்று பெயர். அது தவறினால் மேலே கட்டுவது எல்லாம் தவறு. 1800இல் பெங்களூருக்கு அருகே ஒரு முறை அளந்து பார்த்தார். நல்ல கருவிகள் கைக்கு வந்த பிறகு, 1802 ஏப்ரல் 10ஆம் தேதி, சென்னை பரங்கிமலைக்குத் தெற்கே மறுபடி தொடங்கினார்.

கையில் இருந்தது 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. இரண்டரை அடிக் கண்ணிகள் 40. இந்தச் சங்கிலிக்கும் ஒரு கதை உண்டு. சீனப் பேரரசருக்குப் பரிசாகப் போன பொருள்களில் ஒன்று அது. அங்கே அது வேண்டாம் என்றுவிட்டதால் கை மாறி இந்தியாவுக்கு வந்தது. இன்னொரு கருவியான பெரிய தியோடலைட்டை, அதாவது கோணம் பார்க்கும் கருவியை, லண்டனில் கேரி என்பவர் செய்தார். எடை அரை டன். கப்பலில் வரும்போது பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெட்டியைத் திறந்து பார்த்து, இது அறிவியல் கருவி என்று தெரிந்ததும், போர் நடந்துகொண்டிருந்த காலத்திலும் மரியாதையோடு திருப்பி அனுப்பிவைத்தார்கள்.

அளந்த தூரம் சுமார் ஏழரை மைல். முடிந்த நாள் மே 22. ஆறு வாரம்! ஏழரை மைலை நீங்கள் இரண்டரை மணி நேரத்தில் நடந்துவிடுவீர்கள். அவருக்கு ஏன் ஆறு வாரம் ஆனது?

சங்கிலியைத் தரையில் போட்டு இழுக்கவில்லை. முக்காலிகளின் மேல் மரப்பெட்டிகளை மட்டம் பார்த்து வரிசையாக வைத்து, அவற்றுக்குள் சங்கிலியைக் கிடத்தி, ஒரு முனையில் எடை தொங்கவிட்டு ஒரே இழுப்பில் வைத்தார். பக்கத்திலேயே வெப்பமானிகள். ஏப்ரல், மே மாதச் சென்னை வெயில் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. எஃகு சூட்டில் நீளும். 100 அடிச் சங்கிலி ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டுக்கு ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு கூட நீளாது. ஆனால் காலைக்கும் நண்பகலுக்கும் 20 டிகிரி வித்தியாசம் என்று வையுங்கள். 400 முறை வைக்கும்போது சுமார் 5 அடி பிழை சேர்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் சூடு பார்த்து, எழுதி, கழித்தார். என் பழைய ஆபீசில் மழைநாள் தோலுக்கு இப்படி ஒருவர் கணக்கு எழுதியிருந்தால் பாதிக் கடிதங்கள் மிச்சமாகியிருக்கும்.

நம் மலைகளின் மேல் நீல ஒளி

அடிக்கோட்டிலிருந்து முக்கோணங்கள் கிளம்பின. உச்சிகளுக்கு அவருக்கு மலைகள் வேண்டும், பழைய கோட்டைகள் வேண்டும், கோபுரங்கள் வேண்டும். சென்னை, வேலூர், பெங்களூர், மங்களூர் நான்கும் ஏறக்குறைய 13 டிகிரி அட்சரேகையை ஒட்டி ஒரே வரிசையில் இருப்பதை வரைபடத்தில் பாருங்கள். அவருடைய முக்கோணங்கள் கிழக்கிலிருந்து மேற்கே போன பட்டை நம் தலைக்கு மேலேதான் போனது.

செங்கல்பட்டுப் பக்கம் கருங்குழி மலையிலும், போளூர்ப் பக்கம் ஆங்கில ஏடுகள் கர்னாட்டிகர் என்று குறிக்கும் மலைக்கோட்டையிலும் அவருடைய நிலையங்கள் இருந்தன. இடைத்தூரம் 60 மைலுக்கும் மேல். பகலில் கானல் ஆடும், எதுவும் தெரியாது. இரவில் ஒரு மலையில் நீல ஒளி மத்தாப்பைக் கொளுத்த, மறு மலையில் தொலைநோக்கியில் கண்ணை வைத்துக் காத்திருப்பார்கள். ஜவ்வாது மலைப் பக்கம் கீழே இருந்த ஊர்க்காரர்கள் அதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

நல்லதாக நினைக்கவில்லை என்பது பதிவாகியிருக்கிறது. கொடி நட்டால் நிலத்தைப் பிடுங்கப் போகிறார்கள் என்ற பயம். உயரத்தில் தொலைநோக்கி வைத்தால் வீட்டுப் பெண்களைப் பார்க்கிறார்கள் என்ற கோபம். இந்தச் சந்தேகத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. கம்பெனி செலவு செய்தது பூமியின் வடிவத்தைத் தெரிந்துகொள்ள அல்ல. படை நடத்தவும் வரி வாங்கவும் அதற்கு நாடு காகிதத்தில் வேண்டியிருந்தது. அந்த ஆண்டுகளில்தான், 1806 ஜூலை 10ஆம் தேதி, நம் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். அன்றைக்கு ஓடிய ரத்தத்தை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். ஒரு பக்கம் கோட்டைக்குள் அந்தக் கொதிப்பு, இன்னொரு பக்கம் கோணம் பார்த்துக்கொண்டிருந்த இந்த மனிதர். இரண்டும் ஒரே ஆட்சியின் கதைதான். லாம்ப்டனைப் பாராட்டும்போது இதையும் மறக்கக் கூடாது.

கணக்கு என்ன சொன்னது? கரைக்குக் கரை 400 மைல் என்று பழைய வரைபடங்கள் காட்டிய தீபகற்பம், அளந்து பார்த்தால் 360 மைல்தான். 40 மைல் நிலம் காகிதத்தில் மட்டுமே இருந்திருக்கிறது. சென்னைக்கு இவ்வளவு அருகில் இருக்கும் ஆற்காடே பழைய வரைபடத்தில் 10 மைல் தள்ளி இருந்தது.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. 1804இல் பெங்களூர் அருகே மறுபடி ஒரு கோட்டைச் சங்கிலியால் அளக்கச் சொன்னார். பரங்கிமலையிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்கிட்டு வந்ததில் அந்தக் கோட்டின் நீளம் ஏற்கெனவே கையில் இருந்தது. இப்போது நேரில் அளந்த நீளமும் வந்தது. இடையில் சுமார் 200 மைல் மலையும் காடும். இரண்டுக்கும் வித்தியாசம் 3.7 அங்குலம். உங்கள் உள்ளங்கை அகலம்.

அளந்தாயிற்று, அரசு ஏற்றுக்கொண்டது, பேரும் வந்தது. இனி யார் கேட்கப் போகிறார்கள் என்று விட்டிருக்கலாம். தன்னையே தணிக்கை செய்ய அவர் தானாகவே ஏற்பாடு செய்துகொண்டார்.

கயிறு அறுந்த நாள்

பிறகு தெற்கே திரும்பினார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின் மேல் அந்த அரை டன் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, துல்லியமாகக் கோடு வெட்டிய அதன் வட்டம் வளைந்துபோனது. இன்னொன்று வாங்க லண்டனுக்கு எழுத வேண்டும், ஆண்டுகள் ஆகும். லாம்ப்டன் யாரையும் திட்டவில்லை. கூடாரத்துக்குள் போய்க் கருவியைப் பிரித்தார். ஒவ்வொரு வளைவையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரத்தில் மறுபடி வேலைக்கு ஏற்றதாக்கினார். அதே கருவியோடு 1809இல் குமரிமுனைப் பக்கம் வரை போய், வடக்கே திரும்பினார்.

இந்த வேலை ஒருவரால் ஆனதல்ல. அரை டன்னைத் தோளில் சுமந்து மலை ஏறியவர்கள், பெட்டிகளை மட்டம் வைத்தவர்கள், கொடி பிடித்துக்கொண்டு உச்சியில் நாள்கணக்கில் நின்றவர்கள், மத்தாப்பு கொளுத்தியவர்கள் எல்லோரும் நம் ஊர்க்காரர்கள். கோதாவரிப் பக்கக் காடுகளில் காய்ச்சலில் பலர் செத்தார்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. உதவியாளர்களில் பெயர் நிலைத்த ஒருவர் ஜோஷுவா டி பென்னிங். சென்னையில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு நில அளவை சொல்லிக்கொடுத்த பள்ளியிலிருந்து வந்த பையன். லாம்ப்டனோடு கடைசி வரை இருந்தவர்.

1817இல் லண்டன் ராயல் சொசைட்டி லாம்ப்டனை உறுப்பினராக ஏற்றது. பிரெஞ்சு அறிவியல் கழகமும் கௌரவித்தது. 1818இல் அவருடைய வேலைக்குப் பெரும் முக்கோண அளவை என்று பெயர் வந்தது. ஜார்ஜ் எவரெஸ்ட் என்ற இளைஞர் உதவியாளராகச் சேர்ந்தார். அப்போது லாம்ப்டனுக்கு அறுபது வயதுக்கு மேல். நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. ஆனாலும் வடக்கே போவதை நிறுத்தவில்லை. 1823 ஜனவரி 20ஆம் தேதி, நாக்பூருக்குத் தெற்கே ஹிங்கன்காட் என்ற ஊரில், வேலைக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனார். அதுவரை முக்கோணங்களால் மூடிய நிலம் சுமார் 1,65,000 சதுர மைல். கல்லறை அங்கேயே இருக்கிறது.

அந்த வேலை அவரோடு நிற்கவில்லை. அதே முக்கோணங்கள் இமயம் வரை போயின. ராதாநாத் சிக்தார் என்ற வங்காளக் கணித மேதையின் கணக்கில், உலகிலேயே உயர்ந்த சிகரம் எது என்பது 1852இல் தெரிந்தது. அதற்கு வைத்த பெயர் எவரெஸ்ட். பரங்கிமலையில் சங்கிலி வைத்தவரின் பெயரும், கணக்குப் போட்டவரின் பெயரும் எந்தச் சிகரத்துக்கும் இல்லை.

நம் கேட் ஓரத்துக் கல்

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். நம் மெயின் கேட்டுக்கு வெளியே இடது பக்கம், பாதி மண்ணுக்குள் புதைந்து, சுண்ணாம்பு அடித்து அடித்து எழுத்து மறைந்த ஒரு கல் நிற்கிறது அல்லவா, அது பழைய மைல் கணக்குக் கல். டெலிவரி பையன்கள் பைக்கைச் சாய்த்து வைப்பது அதன் மேல்தான். பேவர் பிளாக் போடும்போது அதைப் பெயர்த்துவிட்டு இரண்டு வண்டிக்கு இடம் பண்ணலாம் என்று போன கூட்டத்தில் பேச்சு வந்தது. அன்று நான் கையைத் தூக்கினேன், நேரம் ஆகிவிட்டது என்று உட்காரவைத்துவிட்டீர்கள். பரவாயில்லை. சொல்ல நினைத்ததை இப்போது சொல்லிவிட்டேன்.

லாம்ப்டன் அந்தக் கல்லை நடவில்லை. மைல்கற்களை நட்டவர்கள் சாலைத் துறையின் பெயர் தெரியாத ஊழியர்கள். ஆயுத பூஜை அன்று சாலைப் பணியாளர்கள் மைல்கல்லைக் கழுவி, பொட்டு வைத்து, மாலை போட்டுக் கும்பிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, அது வெறும் கல் இல்லை என்று. யாரோ ஒருவர் வெயிலில் நடந்து அளந்து, இது சரி என்று பொறுப்பேற்று நட்டது. சாலை விரிவாகும்போதெல்லாம் முதலில் போவது இந்தக் கற்கள்தான். ஒன்று ஜல்லியோடு ஜல்லியாகிறது, இன்னொன்று துணி துவைக்கும் கல்லாகிறது. கடைசிக் கல்லும் போன பிறகு, இந்தச் சாலை நமக்கு முன்பே இருந்தது என்பதற்குச் சாட்சி சொல்ல எதுவும் மிஞ்சாது.

நான் கேட்பது மூன்றே மூன்று. பேவர் பிளாக் வேலையில் அந்தக் கல்லைச் சுற்றி ஓர் அடி இடம் விடுங்கள். கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டாமல், தண்ணீரும் துணியும் கொண்டு சுண்ணாம்பைக் கழுவி, எழுத்தைப் படமெடுத்து வைப்போம். அது நின்றிருக்கும் இடம் சாலைத் துறையுடையது, நம்முடையது அல்ல. ஆகவே நகர்த்துவதற்கு முன் துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் கொடுப்போம். கடிதத்தை எழுதித் தருவது என் பொறுப்பு.

இன்னொன்று, குழந்தைகளுக்காக. விடுமுறையில் ஒரு நாள் சாயங்காலம் மொட்டை மாடிக்கு வாருங்கள். நாடாவை நான் கொண்டுவருகிறேன், கோணமானியைப் பிள்ளைகள் கொண்டுவரட்டும். எதிரே தெரியும் மலை எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடுவோம். ஒரு முறை போட்ட பிறகு, வேறு இரண்டு இடத்தில் நின்று மறுபடியும் போடுவோம். இரண்டு விடையும் ஒத்துப்போகாது, எனக்குத் தெரியும். எவ்வளவு வித்தியாசம் என்பதை மறைக்காமல் நோட்டீஸ் போர்டில் எழுதி வைப்போம்.